தேய்ந்த பூச்சு பாலிஷால் திரும்பாது

கார் பாலிஷ் தொழிலில் வேரூன்றிய கருத்து ஒன்று உண்டு: ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி இயந்திரமே பெயின்ட்டை எரிக்கும், சுழல்வதோடு மையம் விலகியும் அசைகிற டூயல் ஆக்‌ஷன் இயந்திரத்தால் கேடு வராது, வந்தாலும் மறுபடி பாலிஷ் போட்டால் மறைந்துவிடும்.

முதற்கூற்றில் ஓரளவே உண்மை உள்ளது. கையழுத்தம் மிகும்போது சாதாரண டூயல் ஆக்‌ஷனில் பேடின் சுழற்சி நின்றுபோய் வெப்பம் மட்டுப்படுகிறது என்றாலும், பல்சக்கரத்தால் கட்டாயமாகச் சுழற்றப்படும் வகை அவ்வாறு நிற்பதில்லை. மேலும், எந்த இயந்திரமானாலும் கீறல் மறைவது, நிறப்பூச்சின் மேல் காப்பாக அமைந்த நிறமற்ற படலமாகிய கிளியர் கோட், கீறலின் ஆழம்வரை சுற்றிலும் தேய்க்கப்படுவதால்தான். தொழிற்சாலைப் பூச்சில் அது பொதுவாக 35 முதல் 50 மைக்ரான். தலைமுடியின் பருமனிலும் குறைவு.

மீட்டரால் அளந்துவிட்டால் அச்சமில்லை என்பாரும் உளர். காந்த முறையில் இயங்கும் மீட்டர், உலோகத்துக்கு மேலுள்ள அடுக்குகளின் மொத்தக் கனத்தையே காட்டும். பட்டி பார்த்து மறுபெயின்ட் அடித்த கதவில் எண் பெரிதாக வந்தாலும் கிளியர் கோட் மெலிந்திருக்கக்கூடும். பிளாஸ்டிக் பம்பரில் அது அளக்கவே அளக்காது. வெப்பத்தை எளிதில் கடத்தாத அந்தப் பம்பர்தான் விரைவில் சூடேறுகிறது. பானட்டின் விளிம்பிலும் மடிப்புக்கோட்டிலும் ஆபத்து இன்னும் மிகுதி: ஈரப் பெயின்ட் கூர்விளிம்பிலிருந்து பின்வாங்குவதால் அங்கே படலம் இயல்பாகவே மெல்லியது, பேடின் பாரமும் அக்குறுகிய இடத்திலேயே குவிகிறது. ஆகவே அவ்விடங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு இறுதியில் கையால் முடிப்பதும், மென்மையான பேடையும் மிதமான பாலிஷையும் சிறிய இடத்தில் சோதித்து, போதாதபோது மட்டுமே கடுமையான காம்பவுண்டுக்குச் செல்வதும் கட்டாயம்.

மறுபாலிஷ் பற்றிய கூற்று எல்லாக் கேட்டுக்கும் பொருந்தாது. வெயிலில் தெரியும் ஹோலோகிராம், அதாவது சுழல்தடம், கிளியர் கோட்டுக்குள் நிற்பதால் மென்பேடும் நுண்பாலிஷும் அதை நீக்கும். ஆனால் கிளியர் கோட் அடங்கிய பூச்சில் பேடில் நிறம் ஒட்டினால் படலம் துளைந்துவிட்டது என்று பொருள். கிளியர் இல்லாத ஒற்றைப்பூச்சில் மட்டுமே அது இயல்பு. துளைந்தபின் ஒவ்வொரு தேய்ப்பும் நிறப்பூச்சையே தின்னும். அப்பகுதியை நீர்த்தாளால் தேய்த்து, போன நிறத்தை இட்டு, பாகம் முழுவதற்கும் ஹார்டனர் கலந்த கிளியர் அடிப்பதே நிலையான பழுது. அந்த ஹார்டனரில் பெரும்பாலும் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைத் தாக்கவல்லது. ஒர்க்‌ஷாப்பில் கட்டிக்கொள்ளும் கைக்குட்டையோ துணி முகமூடியோ அதைத் தடுக்காது.