இருபது நிமிடம் எவர் வீட்டுத் தர்மம்?

விடியும் முன்பே ஆலங்குளத்தில் பஸ் நிறைந்து விடுகிறது. இராஜபாளையம் மில்லுக்கு ஷிப்டுக்குப் போகிறவர்கள், பட்டாசு வேலைக்குப் போகிற பெண்கள், களையெடுக்கப் போகிற கூலிக்காரர்கள், இவர்கள் நடுவே புத்தகப் பையோடு கல்லூரிக்குப் போகிற நம் பிள்ளைகள்.

அந்தப் பிள்ளைகளிலே கண் தெரியாத ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். தகப்பனுக்கு மில்லிலே வேலை. தாய்க்குக் களையெடுப்பு. பன்னிரண்டாம் வகுப்புத் தேறினாள். கல்லூரியில் இடம் கிடைத்தது. தெருவே மெச்சியது. முதல் பரீட்சை வந்தது. "நான் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் வேண்டும்" என்று கேட்கிறாள். "மனு கொடு" என்கிறார்கள். கொடுத்தால், "சர்ட்டிபிகேட் எங்கே?" என்கிறார்கள். அதையும் கொண்டு வந்தால், "மேலிடத்து உத்தரவு வரட்டும்" என்கிறார்கள். தகப்பன் விருதுநகர் கலெக்டர் ஆபீசுக்கு நடக்கிறார். ஒரு நடைக்கு ஒரு நாள் கூலி போகிறது. உத்தரவு வருவதற்குள் பரீட்சை நாள் வந்து விடுகிறது.

அவள் பரீட்சையிலே தோற்றால், தோற்றது யார்? அவளா, அந்த ஆபீசா?

சட்டம் என்ன சொல்லுகிறது?

இந்த நாட்டிலே இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2016 டிசம்பரில் பாராளுமன்றம் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. 2017 ஏப்ரல் 19 முதல் அது அமலில் இருக்கிறது. 1995-ம் ஆண்டின் பழைய சட்டம் 7 வகைக் குறைபாடுகளைத்தான் கணக்கில் எடுத்தது. புதிய சட்டம் 21 வகைகளை ஏற்றுக் கொண்டது. நூற்றுக்கு 40 பங்கும் அதற்கு மேலும் ஊனம் என்று சான்று பெற்றவர்களுக்கு, அரசுக் கல்லூரியிலும் அரசு உதவி பெறும் கல்லூரியிலும் நூற்றுக்கு 5 இடத்துக்குக் குறையாமல் ஒதுக்க வேண்டும். வயது வரம்பிலே 5 ஆண்டு தளர்த்த வேண்டும்.

இடம் கொடுத்தால் மட்டும் போதாது என்றும் அதே சட்டம் சொல்லுகிறது. சர்க்காரின் பணமோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிலையம், ஒவ்வொரு மாணவரின் தேவைக்கும் தக்கபடி ஏற்பாடு செய்து தரவேண்டும் என்பது 16-வது பிரிவு. பரீட்சையிலே கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிக்கிறது 17-வது பிரிவு. 2018 ஆகஸ்ட் 29-ல் மத்திய சர்க்கார் வெளியிட்ட நெறிமுறை கணக்கையும் சொல்லி விட்டது: மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம். மூன்று மணி நேரப் பரீட்சை என்றால் அது முழுதாக ஒரு மணி நேரம்!

இத்தனையும் அச்சிலே இருக்கிறது. ஆனாலும் ஆபீஸ் வாசலிலே நம் பிள்ளை கைகட்டி நிற்கிறது. ஊனமுற்றோர் என்ற சொல்லை எடுத்துவிட்டு மாற்றுத்திறனாளி என்று கௌரவமாகப் பெயர் வைத்தார்கள். நல்லது. பெயர் மாறியது; மாடிப்படி மாறியதா?

மூன்று சாக்குகள்

கேட்டால் மூன்று சாக்குச் சொல்லுகிறார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"சலுகை கொடுத்தால் படிப்பின் தரம் கெட்டுவிடும்" என்பது முதல் சாக்கு. மில் தொழிலாளிக்கு இதன் பொய் உடனே தெரியும். காற்றிலே ஈரம் இல்லாவிட்டால் நூல் அறுந்து போகும். ஆகவே மில் முதலாளி பணம் போட்டு இயந்திரம் வைத்து ஹாலுக்குள்ளே ஈரக் காற்று விடுகிறார். நூலுக்குச் சலுகை காட்டுகிறோம் என்று யாராவது சொன்னதுண்டா? நூலின் தரம் கெட்டுவிடும் என்று அழுததுண்டா? பருத்தி நூலுக்குச் செய்கிற ஏற்பாட்டைப் பாட்டாளியின் பிள்ளைக்குச் செய்யச் சொன்னால் மட்டும் தரம் கெட்டுவிடுமாம்! கேள்வித்தாள் எல்லோருக்கும் ஒன்றுதான். திருத்துகிற கையும் ஒன்றுதான். விடை அவள் மூளையிலிருந்து வருகிறது. பேனா மட்டுமே வேறொருவர் கையில் இருக்கிறது.

"இவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள்" என்பது இரண்டாவது சாக்கு. நெல்லுக்கும் பருத்திக்கும் ஒரே அளவா தண்ணீர் பாய்ச்சுகிறோம்? பருத்திக்குக் கொடுத்த அளவே நெல்லுக்கும் போதும் என்கிறவனை விவசாயி என்று யாராவது ஒப்புவார்களா? பயிருக்குத் தேவையானதைப் பாய்ச்சுவதுதான் நியாயம். எல்லோரையும் ஒரே நேரத்துக்குள் எழுத வைப்பது சமத்துவம் என்று சொல்லுவது, சமத்துவத்தின் பெயரால் நடக்கிற வஞ்சகம்.

"பணம் இல்லை" என்பது மூன்றாவது சாக்கு. மாடி ஏற முடியாத மாணவனின் வகுப்பைத் தரைத் தளத்துக்கு மாற்ற எத்தனை லட்சம் வேண்டும்? காது கேளாத மாணவிக்கு முன் வரிசையிலே இடம் கொடுத்து, கரும்பலகையிலே எழுதிப் போட்டு, பாடக் குறிப்பைக் கையிலே கொடுக்க எந்த நிதி மந்திரியின் கையெழுத்து வேண்டும்? கூடுதல் ஒரு மணி நேரத்துக்கு விலை என்ன? பணம் வேண்டிய காரியமும் உண்டு: சாய்தளம், பிரெயில் புத்தகம், புத்தகத்தை வாசித்துக் காட்டும் கணினி. வரி கட்டுகிறவர்கள் நாம். அந்தப் பணத்திலே இதற்கும் பங்கு உண்டு.

வீட்டிலே யார் வாசிப்பது?

மதுரைப் பெண் பூரண சுந்தரியின் கதை நம் ஜில்லாவிலும் பலருக்குத் தெரியும். பார்வையற்ற அவர் 2019-ம் ஆண்டின் சிவில் சர்வீஸ் தேர்விலே அகில இந்திய அளவில் 286-வது இடம் பெற்றார். பெற்றோர் புத்தகங்களை உரக்க வாசித்துக் காட்ட, கேட்டுக் கேட்டே படித்தார். அவரையும் அந்தப் பெற்றோரையும் வணங்குவோம்.

ஆனால் இன்னொரு கேள்வியும் கேட்போம். வெயிலிலே களை பறித்துவிட்டு இருட்டிய பின் வீடு வந்து, அடுப்பைப் பற்ற வைக்கிற தாய், கல்லூரிப் புத்தகத்தை எப்போது வாசித்துக் காட்டுவாள்? பள்ளிக்கூடமே போகாத தாய் எப்படி வாசிப்பாள்? நைட் ஷிப்டிலே நிற்கிற தகப்பன் வாசிப்பானா? பெற்றோர் வாசிக்க முடிந்த வீட்டுப் பிள்ளை மட்டும் தேறட்டும் என்றால், அது வர்க்க நீதி அல்லாமல் வேறென்ன? ஆகவேதான் சொல்லுகிறோம்: வாசித்துக் காட்டும் பொறுப்பு கல்லூரியுடையது.

இதை ஏதோ சில வீட்டாரின் தலைவிதி என்று ஒதுக்கவும் நமக்கு உரிமை இல்லை. பிறவியிலே வருவது மட்டுமா ஊனம்? நம் பக்கத்து அச்சங்குளத்திலே 2021 பிப்ரவரி 12-ல் பட்டாசு ஆலை வெடித்ததை மறந்தோமா? மாண்டவர் பலர், தீயிலே வெந்து மீண்டவர் பலர். இயந்திரத்திலே விரலைக் கொடுத்தவர் எந்த மில் தெருவிலே இல்லை? பாரிசுக்கு அருகே ஒரு சேணத் தொழிலாளியின் மகன் மூன்று வயதிலே தகப்பனின் பட்டறை ஊசி குத்திக் கண்ணை இழந்தான். விரலால் தடவி வாசிக்கும் எழுத்தை உலகுக்குக் கொடுத்த லூயி பிரெயில் அந்தப் பட்டறைப் பிள்ளைதான்.

கோர்ட் மட்டும் போதுமா?

கோர்ட்டிலே நியாயம் கிடைத்ததும் உண்டு. எழுதும்போது கை இழுத்துக் கொள்ளும் நோயுள்ள விகாஷ் குமாருக்கு எழுத ஆள் தர மறுத்தார்கள். சுப்ரீம் கோர்ட் 2021 பிப்ரவரி 11-ல் தீர்ப்புச் சொன்னது: எழுத ஆள் பெறுவதற்கு நூற்றுக்கு 40 பங்கு ஊனம் என்ற அளவுகோல் கூடாது. அதன் பிறகு 40 பங்குக்குக் கீழே உள்ளவர்களுக்கும் 2022 ஆகஸ்ட் 10-ல் தனி நெறிமுறை வந்தது. பெரிய வெற்றிதான்.

ஆனால் அதே 2021-ல் நடந்த நீட் பரீட்சையையும் பாருங்கள். எழுதுவதிலே குறைபாடுள்ள ஒரு மாணவிக்குச் சேர வேண்டிய ஒரு மணி நேரத்தைக் கொடுக்காமல் விடைத்தாளைப் பறித்தார்கள். நவம்பர் 23-ல் சுப்ரீம் கோர்ட் அது அநியாயம் என்று சொன்னது. பரிகாரம் காணும்படி பரீட்சை நடத்தியவர்களுக்கு உத்தரவிட்டது. ஆனால் மறு பரீட்சை கிடைக்கவில்லை. தீர்ப்பு வந்தது, பறிபோன மணி நேரம் வரவில்லை! ஆகவே பரீட்சைக்குப் பின் கோர்ட்டுக்குப் போவதைவிட, பரீட்சைக்கு முன் கல்லூரி வாசலுக்குப் போவது மேல்.

அமெரிக்காவிலும் சட்டம் தானாக நடக்கவில்லை. 1973-ல் சட்டம் வந்தது. விதிகளிலே கையெழுத்துப் போடாமல் நான்கு வருஷம் இழுத்தடித்தார்கள். 1977 ஏப்ரல் 5-ல் சான்பிரான்சிஸ்கோ நகரத்து சர்க்கார் கட்டிடத்துக்குள் சக்கர நாற்காலியோடும் ஊன்றுகோலோடும் புகுந்து உட்கார்ந்தார்கள். மூன்று வாரத்துக்கு மேல் அசையவில்லை. கறுப்பு மக்களின் இயக்கமான கருஞ்சிறுத்தைகள் அவர்களுக்குச் சோறு கொண்டு வந்து கொடுத்தார்கள். இயந்திரத் தொழிலாளர் சங்கமும் கை கொடுத்தது. ஏப்ரல் 28-ல் மந்திரி கையெழுத்துப் போட்டார்!

நாம் செய்ய வேண்டியது

தோழர்களே! இப்படி ஒரு பிள்ளை உங்கள் தெருவிலே இருந்தால், கல்லூரியில் சேருகிற அன்றே என்னென்ன ஏற்பாடு தேவை என்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். எழுத ஆள், கூடுதல் நேரம், தரைத் தள அறை, புத்தகம் எல்லாவற்றையும் மனுவிலே எழுதுங்கள். நகலிலே தேதியும் முத்திரையும் வாங்குங்கள். எழுதுகிறவரைத் தானே கொண்டு வரவும் 2018 நெறிமுறை மாணவருக்கு உரிமை கொடுத்திருந்தது என்பதை நினைவிலே வையுங்கள். மறுத்தால், மறுப்பை எழுத்திலே கேளுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு அனுப்புங்கள். சட்டத்தை மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரையும், மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் உண்டு என்பதையும் ஆபீசிலே ஞாபகப்படுத்துங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தத் தகப்பனைத் தனியாக அனுப்பாதீர்கள். போனஸ் கேட்க ஒருவர் தனியாகப் போனால் வாட்ச்மேன் விரட்டுவான். சங்கமாகப் போனால் நிர்வாகம் நாற்காலி போடும். இதுவும் அப்படித்தான். மில் கேட்டிலே நிற்கிற நாலு பேர் ஒரு நாள் கல்லூரி கேட்டிலும் நில்லுங்கள்.

எட்டு மணி நேர வேலையை எவரும் நமக்குத் தர்மமாகப் போடவில்லை. நம் பிள்ளையின் இருபது நிமிடமும் எவர் வீட்டுத் தர்மமும் அல்ல. அது அவளுக்குச் சேர வேண்டிய பாக்கி. பாக்கியைக் கேட்டு வாங்குவோம்!