ஊருக்கு வராத ஊர்க் கணக்கு

மார்ச் மாதம் வந்துவிட்டால் பேரூராட்சி அலுவலகங்களுக்குத் தனிச் சுறுசுறுப்பு வந்துவிடும். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தெருத்தெருவாகப் போய், 31ஆம் தேதிக்குள் சொத்து வரி பாக்கியைக் கட்டாவிட்டால் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும் என்று எச்சரிக்கும். விடுமுறை நாளிலும் வரி வசூல் மையம் திறந்திருக்கும். பேருந்து நிலையக் கடைகளின் வாடகை, சந்தைக் குத்தகை, கட்டணக் கழிப்பறை ஏலத் தொகை என்று ஆண்டு முழுக்க இழுபட்டதெல்லாம் அந்தச் சில வாரங்களில் அவசரமாகிவிடும். கேட்பு, வசூல், நிலுவை என்ற மூன்று கட்டங்களையும் நிரப்பி மேலே அனுப்பியாக வேண்டும். எத்தனை சதவீதம் வசூல் என்று ஆய்வுக் கூட்டத்தில் கேட்பார்கள்.

ஏப்ரல் பிறந்ததும் ஆட்டோ நின்றுவிடுகிறது. பணத்தைக் கட்டு என்று வீதிவீதியாக வந்த குரல், கட்டிய பணம் என்ன ஆயிற்று என்று சொல்ல ஒரு தெருவுக்கும் வருவதில்லை.

கணக்கே எழுதப்படுவதில்லை என்று இதற்குப் பொருளில்லை. 2022 பிப்ரவரி உள்ளாட்சித் தேர்தலின்போது தமிழ்நாட்டில் 490 பேரூராட்சிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு செயல் அலுவலர், அவருக்குக் கீழே கைவிரலில் எண்ணிவிடக்கூடிய அமைச்சுப் பணியாளர்கள். சொத்து வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் ஆகியவற்றின் பதிவேடுகளை அவர்கள்தான் பராமரிக்கிறார்கள். வேலை செய்ததற்கு அளவைப் புத்தகம், பணம் கொடுத்ததற்குச் செலவுச் சீட்டு, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மன்றத் தீர்மானம் என்று காகிதத்துக்குப் பஞ்சமில்லை. ஆண்டு முடிந்ததும் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை வந்து பார்க்கிறது. ஒப்புக்கொள்ள முடியாத செலவுகளுக்குத் தணிக்கைத் தடைகள் எழுப்புகிறது. அலுவலகம் பதில் எழுதுகிறது. அந்தப் பதில் ஏற்கப்படுவதற்குள் செயல் அலுவலர் வேறு ஊருக்கு மாற்றலாகியிருப்பார். புதிதாக வந்தவர், தான் பார்க்காத செலவுக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருப்பார்.

ஆக, இந்தக் கணக்கைப் படிக்க ஆள் இருக்கிறது. தணிக்கையாளர் படிக்கிறார், பேரூராட்சிகளின் இயக்ககம் படிக்கிறது, நிதியை விடுவிக்க வேண்டிய துறைகள் படிக்கின்றன. வரி கட்டியவர் மட்டும் படிப்பதில்லை, ஏனென்றால் அது அவருக்காக எழுதப்படவே இல்லை.

மன்றக் கூட்டத்தில் என்ன நடக்கிறது? ஆண்டு வரவு செலவுத் திட்டம், பல பொருள்களுக்கு நடுவே ஒரு பொருளாக, ‘மன்றத்தின் பார்வைக்கும் அனுமதிக்கும்’ என்ற வழக்கமான வாசகத்துடன் வைக்கப்படும். தன் வார்டில் சாக்கடை அடைத்துக்கொண்டதைப் பற்றி அரை மணி நேரம் சண்டை போடும் கவுன்சிலர், பட்ஜெட் வரும்போது ‘ஆல் பாஸ்’ என்று கை தூக்கிவிடுவார். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கையில் கொடுக்கப்படும் தாள்களைப் புரிந்துகொள்ள வணிகவியல் பட்டம் வேண்டும்.

அதற்கும் காரணம் உண்டு. கையில் வந்தது, கையிலிருந்து போனது என்று மட்டும் எழுதிய பழைய முறையை நகர்ப்புற உள்ளாட்சிகள் கைவிட்டுவிட்டன. 2004இல் தேசிய நகராட்சிக் கணக்கு நடைமுறை நூல் வெளிவருவதற்கு முன்பே, 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில், தமிழ்நாடு இரட்டைப் பதிவு முறைக்கு மாறத் தொடங்கியது. வசூலாகாத வரியும் இப்போது வருவாயாகப் பதிவாகும். போட்ட சாலை சொத்துப் பட்டியலில் ஏறி, ஆண்டுதோறும் தேய்மானம் கழிக்கப்படும். முறை நல்ல முறைதான். கடனையும் நிலுவையையும் ஒளித்துவைக்க முடியாது. ஆனால் ஊர்க்காரர் ஒருவர் இந்த முறையில் எழுதிய ஐந்தொகையைப் பார்த்தால், உபரி என்று எழுதியிருக்கும் ஆண்டில் கல்லாவில் பணமில்லாமல் இருப்பதும், பற்றாக்குறை என்று எழுதியிருக்கும் ஆண்டில் வங்கியில் பணம் கிடப்பதும் எப்படி என்று விழிப்பார்.

வங்கியில் கிடக்கும் பணத்துக்கு இன்னொரு கதை இருக்கிறது. 15ஆவது நிதிக் குழு, 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்குச் சிறு நகரங்களுக்கு ஒதுக்கிய மானியத்தில் 40 சதவீதத்தைத்தான் உள்ளாட்சியின் விருப்பத்துக்கு விட்டது. மீதி 60 சதவீதத்தில் பாதி குடிநீருக்கு, பாதி துப்புரவுக்கு. தெருவிளக்கு எரியவில்லை என்று கேட்பவரிடம் ‘ஃபண்டு இல்லை’ என்று சொல்லும் அலுவலகத்தின் கணக்கில் லட்சங்கள் இருக்கலாம். இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். இதை யாராவது பொறுமையாக எடுத்துச் சொன்னால் பாதி சந்தேகம் தீரும். சொல்லாததால், பணத்தைச் சுருட்டிவிட்டார்கள் என்பதே தேநீர்க் கடைத் தீர்ப்பாகிவிடுகிறது. நேர்மையான அலுவலருக்கும் அதே தீர்ப்புதான்.

இதே நிதிக் குழு இன்னொரு நிபந்தனையும் விதித்தது. முந்தைய ஆண்டின் தற்காலிகக் கணக்கையும், அதற்கும் முந்தைய ஆண்டின் தணிக்கை முடிந்த கணக்கையும் இணையத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தால்தான் மானியம். வரவேற்க வேண்டிய நிபந்தனை. விளைவு என்னவென்றால், கணக்குகள் ஒன்றிய அரசின் இணையதளத்தில் ஏறின. தன் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் தட்டித் தேடி, பல பக்கக் கோப்பைப் பதிவிறக்கிப் பார்க்கும் பேரூராட்சிவாசிகள் எத்தனை பேர் இருப்பார்கள் என்பது யோசிக்க வேண்டிய கேள்வி. நிபந்தனை நிறைவேறிவிட்டது, மானியமும் வரும். ஊரில் ஒருவருக்கும் எதுவும் தெரிய வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

நடுவில் இன்னொன்றும் நடந்தது. அதைப் பலரும் மறந்துவிட்டார்கள். 2011இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நகர்ப்புற உள்ளாட்சி மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஊர்களைத் தனி அலுவலர்கள் நடத்தினார்கள். வரவு செலவுத் திட்டத்தை முன்மொழிவதும் அதிகாரி, மன்றத்தின் இடத்தில் அமர்ந்து அனுமதிப்பதும் அதிகாரி. அந்த ஆண்டுகளின் கணக்குகளிலும் தீர்மான எண்ணும் தேதியும் ஒழுங்காக இருந்திருக்கும். ‘ஆல் பாஸ்’ என்று சொல்லக்கூட ஆள் இல்லை என்பதுதான் வேறுபாடு.

முறையான தணிக்கை இருந்தால் போதாதா என்று கேட்பவர்கள், அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் இருக்கும் டிக்சன் என்ற ஊரைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏறக்குறைய 16,000 பேர் வாழும் சிற்றூர். முன்னாள் அதிபர் ரொனால்ட் ரேகன் சிறுவனாக வளர்ந்த இடம். அந்த ஊரின் கணக்கு அலுவலராக 1983 முதல் இருந்தவர் ரீட்டா கிரண்ட்வெல். மேயரும் உறுப்பினர்களும் பகுதி நேரப் பணியாளர்கள். தத்தம் தொழிலைப் பார்த்துக்கொண்டு ஊர்ப் பணியையும் செய்தவர்கள். கணக்கென்றால் ரீட்டா என்று விட்டுவிட்டார்கள்.

1990 டிசம்பரில் அவர் நகராட்சியின் பெயரில் இன்னொரு வங்கிக் கணக்கைத் தொடங்கினார். கழிவுநீர் மூலதன மேம்பாட்டுக்கான இருப்பு நிதி என்பதுபோல ஒரு பெயர். யாரையும் கொட்டாவி விட வைக்கும் பெயர். மாநில அரசு அனுப்பியதாகப் போலி விலைப்பட்டியல் தயாரித்து, ஊர்ப் பணத்தை அந்தக் கணக்குக்கு மாற்றி, அங்கிருந்து தன் குதிரைப் பண்ணைக்குக் கொண்டுபோனார். உயர்ரகக் குதிரை வளர்ப்பில் நாடறிந்த பெயர் அவருக்கு. பிடிபட்டபோது சுமார் 400 குதிரைகள் இருந்தன. 2012 வரை அவர் எடுத்த தொகை 5.37 கோடி டாலர். ஊரின் ஓர் ஆண்டு பட்ஜெட்டே ஒரு கோடி டாலருக்குக் கீழே. பணம் ஏன் இல்லை என்று மன்றம் கேட்டபோதெல்லாம், மாநில அரசு தர வேண்டிய பங்கைத் தாமதப்படுத்துகிறது என்று பதில் சொன்னார். ஊழியர்களுக்குச் சம்பள உயர்வு நின்றது, ஊர்ப் பணிகள் தள்ளிப்போயின. எல்லோரும் நம்பினார்கள்.

இத்தனைக்கும் ஒவ்வோர் ஆண்டும் வெளித் தணிக்கை நடந்தது, சான்றிதழும் வந்தது. 2011இல் அவர் நீண்ட விடுப்பில் போனபோது, நகரச் செயலர் கேத்தி ஸ்வான்சன் மாதாந்திர அறிக்கைக்காக வங்கியிடம் எல்லாக் கணக்குகளின் விவரங்களையும் கேட்டார். வந்த தாள்களில், தான் கேள்விப்படாத ஒரு கணக்கு இருந்தது. அவர் தணிக்கை படித்தவர் அல்ல. தாளைப் புரட்டிப் பார்த்தார், அவ்வளவுதான். மேயர் ஜிம் பர்க் எஃப்.பி.ஐ.யிடம் போனார். 2012 ஏப்ரலில் ரீட்டா கைதானார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் 19 ஆண்டு 7 மாதச் சிறைத் தண்டனை. தணிக்கை நிறுவனங்களும் வங்கியும் சேர்ந்து ஊருக்கு 4 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டன. தண்டனையின் எஞ்சிய பகுதியை 2024 டிசம்பரில் அதிபர் பைடன் குறைத்தபோது டிக்சன்வாசிகள் கொதித்ததில் வியப்பில்லை.

டிக்சனில் நடந்தது திருட்டு; நம் பேரூராட்சிகளுக்கு அதை அப்படியே பொருத்துவது அநியாயம். அங்கே மன்றத்தைக் கட்டிப்போட்டது எதுவோ, அது மட்டும் இங்கேயும் இருக்கிறது. கணக்கு ஒருவரின் மேசை விஷயம், மற்றவர்கள் கையெழுத்துப் போட்டால் போதும் என்ற பழக்கம்.

அதே அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்துச் சிற்றூர்களில் வேறொரு பழக்கம் இருக்கிறது. மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை ஊர்க் கூட்டம். அதற்கு முன்பே ஊரின் ஆண்டறிக்கை சிறு புத்தகமாக மக்களிடம் சேர்ந்துவிட வேண்டும். அதைத் தயாரிப்பது ஊரார் தங்களுக்குள்ளேயே தேர்ந்தெடுக்கும் கணக்குத் தணிக்கையாளர்கள். சாலைக்கு என்ன செலவு, நாய் உரிமக் கட்டணம் எவ்வளவு வந்தது என்பது வரை அதில் இருக்கும். வரி பாக்கிக்காரர்களின் பெயரைக்கூடப் போடும் ஊர்கள் உண்டு. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் எழுந்து, இந்த வரி ஏன் போன ஆண்டைவிடக் கூடியது என்று கேட்கலாம். இதுவும் சொர்க்கமல்ல. அந்தப் பொறுப்புக்குப் போட்டியிட ஆள் கிடைக்காமல், பதவியையே கலைத்துவிட்டுத் தொழில்முறைத் தணிக்கையாளர்களை அமர்த்திக்கொண்ட ஊர்கள் பல.

ஊர்க் கணக்கு பற்றிப் பேசினால் உத்திரமேரூரைச் சொல்லாமல் நம் ஊரில் கட்டுரை முடியாது. ஊர்ப் பணிகளைக் கவனிக்கும் வாரியங்களுக்குப் பானையில் ஓலைச் சீட்டுப் போட்டு ஆள் தேர்ந்த அந்த ஊரின் குடவோலை முறையை மேற்கோள் காட்டாத உள்ளாட்சி மேடையும் இல்லை. பராந்தகச் சோழன் காலத்தில், 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட அந்தக் கல்வெட்டுகளில் பானைக்கு அடுத்தபடி வரும் செய்திதான் யார் வாயிலும் வருவதில்லை. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவரின் பெயரை ஓலையில் எழுதக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் எழுதக் கூடாது. கணக்கு எழுதியவர் தானே நேரில் கணக்கை ஒப்படைக்க வேண்டும். இன்னொருவரை வைத்து முடிக்கக் கூடாது. அது சுத்தம் என்று பெரியவர்கள் சொன்ன பிறகே அவருக்கு மறுபடியும் அந்த வேலை. அந்தச் சபை நிலமும் கல்வியும் உடைய பிராமண ஆண்களின் சபை என்பதை மறைத்துவிட்டுப் பெருமை பேச வேண்டியதில்லை. ஆனால் மாற்றலாகிப் போன அலுவலரின் தணிக்கைத் தடைக்குப் புதியவர் பதில் எழுதும் காலத்தில், அந்த விதியின் கூர்மை உறைக்கத்தான் செய்கிறது. உத்திரமேரூர் இன்றைக்கு ஒரு பேரூராட்சி.

இதில் ஒரு விநோதம் உண்டு. பேரூராட்சியைவிடச் சிறிய கிராம ஊராட்சியில் கணக்கு கேட்க இடம் இருக்கிறது. ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள். வரவு செலவு விவரத்தை அங்கே படிக்க வேண்டும், அந்த விவரம் அடங்கிய படிவம் 30ஐப் பதாகையாக வைக்க வேண்டும். பல இடங்களில் இது கடமைக்கு நடக்கிறது. மைக்கில் வேகமாக வாசித்துவிட்டு அடுத்த தீர்மானத்துக்குப் போய்விடுவார்கள். இருந்தாலும் எழுந்து நின்று கேட்க ஒரு நாள் இருக்கிறது. கிராமத்தை நகர்ப்புற உள்ளாட்சியோடு சேர்க்கும்போது நூறு நாள் வேலை போய்விடும், வரி ஏறிவிடும் என்று மக்கள் போராடுகிறார்கள். கிராம சபையும் சேர்ந்தே போய்விடுகிறது என்பதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. நகர்ப்புறங்களுக்கு வார்டு குழு, பகுதி சபை விதிகள் 2022இல்தான் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று சென்னையை அடுத்த பம்மலில் நடந்த பகுதி சபையில் முதலமைச்சரே கலந்துகொண்டார். அதற்குப் பிறகு அந்தச் சபைகள் குப்பை, சாக்கடை, விளக்கு என்று கோரிக்கை மனு வாங்கும் கூட்டங்களாகத்தான் பெரும்பாலும் நினைக்கப்படுகின்றன. கணக்கை அங்கே விரித்து வைப்பது ஏனோ யாருக்கும் தோன்றவில்லை.

செய்ய முடியாத காரியமல்ல. ஐந்தொகை தணிக்கையாளருக்கே இருக்கட்டும். ஊருக்குத் தேவை தமிழில் ஒரே ஒரு பக்கம். சொந்த வருவாய் எவ்வளவு, மாநில, ஒன்றிய அரசுகளிடமிருந்து வந்தது எவ்வளவு, அதில் எதற்கென்று கட்டிப்போடப்பட்டது எவ்வளவு, சம்பளம், மின்கட்டணம், துப்புரவு, சாலை ஒவ்வொன்றுக்கும் போனது எவ்வளவு, வார்டுவாரியாக நடந்த வேலைகளும் ஒப்பந்தத் தொகையும், தீராத தணிக்கைத் தடைகள் எத்தனை, அவற்றில் சிக்கிய தொகை என்ன. எல்லா எண்களும் அலுவலகக் கணினியில் ஏற்கெனவே இருக்கின்றன. அரையாண்டுச் சொத்து வரியை ஏப்ரல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு என்பதால், அந்த மாதத்தில் வரி மையத்தில் கூட்டம் நிற்கிறது. அவர்கள் பார்க்கும் சுவரிலேயே ஒட்டலாம். பகுதி சபையில் ஆளுக்கு ஒரு பிரதி கொடுக்கலாம்.

புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் 4ஆவது பிரிவு, பொது அலுவலகங்கள் தங்கள் வரவு செலவுத் திட்டத்தையும் பட்டுவாடா விவரங்களையும் யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனுப் போட்டு, முப்பது நாள் காத்திருந்து பெற வேண்டிய ரகசியமாக ஊர்க் கணக்கை வைத்திருக்கும் அலுவலகங்கள் மீறிக்கொண்டிருப்பது இருபது ஆண்டு பழைய சட்டத்தை.