வலிக்கு ஊசி கேட்காதீர்கள், வீட்டுப்பாடம் செய்யுங்கள்

பதிவு கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பல்லடத்தில் ஒரு கல்யாணம். நிற்க முடியாமல் ஓரமாகச் சேரில் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன் ஒருவன் வந்தான். இப்போது சோமனூர் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறான். “ஏனுங் டீச்சர், இன்னும் இடுப்பு வலி உடலீங்களா? மெடிக்கல்ல சொன்னா ஒரு மாத்திரை தருவாங்க. நானே தெனமும் ராத்திரி ஷிப்டுக்கு முன்னால ஒண்ணு போட்டுக்கறனுங். அதப் போட்டாத்தான் நிக்க முடியுது” என்றான். பக்கத்தில் இருந்த என் சித்தி மகளும், “ஒரு ஊசி போட்டா சரியாப் போயிரும்க்கா, நீதான் கேக்க மாட்டீங்கற” என்றாள்.

கூட்டத்தில் வாயைத் திறக்கவில்லை. இங்கே சொல்கிறேன்.

மூன்று மாதத்தைத் தாண்டிய வலி, காய்ச்சல் மாதிரி வந்துவிட்டுப் போகிற வலி இல்லை. அதை தினமும் நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தை நாமும் எடுப்பதில்லை, நம் வீடும் வேலையிடமும் தருவதில்லை. அதை மறைக்கத்தான் மாத்திரையும் ஊசியும் கேட்கிறோம்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு, நானும் அந்தத் தப்பைச் செய்தவள். 34 வருடம் கரும்பலகை முன்னால் நின்றேன். ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பிருந்து, டாக்டர் சீட்டு இல்லாமலே மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டேன். பிறகு ஒரு ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் ஏறியிருந்தது. “டீச்சரே இப்படிப் பண்ணலாமா?” என்று டாக்டர் கேட்டபோது தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தை நம்மில் பலர் போட்டிருப்போம். அதை மாட்டுக்கும் போட்டார்கள். அப்படிப் போட்டுச் செத்த மாடுகளைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு இந்தியா முழுக்கக் கொத்துக் கொத்தாகச் செத்தன. 2006-ல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தயாரிக்க அரசு தடை போட்டது. சத்தியமங்கலத்துக்கு அந்தப் பக்கம் மாயாறு பள்ளத்தாக்கில் மிச்சமிருக்கும் கழுகுகளைத்தான் இன்று பாதுகாக்கப் போராடுகிறார்கள். நாம் கழுகு இல்லைதான். டாக்டர் எழுதிக் கொடுத்துச் சில நாள் போடுவது வேறு. சர்க்கரையும் பிரஷரும் இருக்கிற உடம்பில், மாதக்கணக்கில், கேட்காமல் கொள்ளாமல் போடுவது வேறு.

அடுத்தது ‘கரண்ட் வைக்கிறது’. பிசியோதெரபி என்றாலே படுக்க வைத்து மெஷினை மாட்டி அனுப்புவது என்று நினைக்கிறோம். நானும் ஓரிடத்தில் பத்து நாள் பணம் கட்டிப் படுத்துவிட்டு வந்தேன். ஒரு பயிற்சிகூடச் சொல்லித் தரவில்லை. சூடும் கரண்டும் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும். ஆனால் இடுப்பைத் தாங்கும் தசைக்குப் பலம் வர வேண்டுமென்றால் நாம்தான் அசைய வேண்டும். 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. உடற்பயிற்சியையும், வலியைப் பற்றி நோயாளிக்குப் புரியவைப்பதையும் பரிந்துரைத்தது. நாம் ஆசை ஆசையாக வாங்குகிற இடுப்பு பெல்ட்டை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றது.

பிறகு ஒரு நல்ல பிசியோதெரபிஸ்ட் கிடைத்தார். ஐந்து பயிற்சி எழுதிக் கொடுத்தார். ஆறு நாள் செய்தேன், விட்டுவிட்டேன். வீட்டுப்பாடம் செய்யாததற்கு உங்களை எத்தனை முறை முட்டி போட வைத்திருப்பேன்! அது தப்பு என்று இன்று என் முட்டி சொல்கிறது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

இப்போது இரண்டு வருடமாக விடாமல் செய்கிறேன். காலையில் படுத்தபடியே முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது பத்து முறை. சேரில் உட்கார்ந்து காலை நீட்டி ஐந்து எண்ணுவது. கை ஊன்றாமல் சேரிலிருந்து எழுவது. பிறகு இருபது நிமிட நடை. செய்தபின் லேசாக வலித்து, மறுநாள் காலைக்குள் அடங்கினால் பயமில்லை. அடங்காவிட்டால் எண்ணிக்கையைக் குறைப்பேன். இது எனக்குச் சொன்னது, உங்களுக்கு உங்கள் பிசியோதெரபிஸ்ட் சொல்லட்டும்.

வலி குறைந்த நாளில்தான் அதிக ஜாக்கிரதை வேண்டும். அன்றைக்கு ஒட்டடை அடித்து, கிரைண்டர் கழுவி, போர்வையெல்லாம் துவைத்துப் போட்டுவிட்டு மூன்று நாள் படுத்துக் கிடப்போம். வேலையைப் பிரித்துச் செய்தால் படுக்க வேண்டியதில்லை.

வலி போய்விட்டதா? இல்லை. ஆனால் பேத்தியோடு டவுன் பஸ்ஸில் காந்திபுரம் போய் வருகிறேன். எனக்கு அது போதும்.

வீட்டு ஆண்களுக்கு ஒன்று. “வயசானா அப்படித்தான்” என்று சொல்லாதீர்கள். உங்கள் அம்மாவுக்கும் மனைவிக்கும் தினம் அரை மணி நேரம் அடுப்படியிலிருந்து விடுதலை கொடுங்கள். தைலம் வாங்கித் தருவதைவிட அது பெரிய உதவி.

தறி முதலாளிகளுக்கும் ஒன்று, நீங்களும் என் மாணவர்கள்தான். உங்களுக்கே கூலி கட்டுபடியாகவில்லை என்று தெரியும். ஆனால் பன்னிரண்டு மணி நேரம் சிமெண்ட் தரையில் நிற்பவனுக்கு ஒரு ரப்பர் விரிப்பும், உட்கார ஒரு ஸ்டூலும், இடையில் ஐந்து நிமிடமும் தருவதில் நஷ்டம் வந்துவிடாது. அதைத் தராமல் அவனை மட்டும் பயிற்சி செய்யச் சொன்னால் அது நியாயமில்லை.

காசில்லை என்பவர்களுக்கு: கோவை அரசு மருத்துவமனையில் இயன்முறை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், தேவைப்படுகிறவர்களுக்கு வீட்டுக்கே வந்து சிகிச்சை தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. வலியோடு கால் பலமிழந்தால், மர்ம உறுப்புப் பக்கம் மரத்தால், சிறுநீர் மலம் அடக்க முடியாமலோ வராமலோ போனால், பயிற்சி செய்துகொண்டு இருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ச்சலோ, காரணமில்லாமல் எடை குறைவதோ இருந்தாலும் டாக்டரைப் பாருங்கள்.

சோமனூர் கண்ணு, இதை நீ படிப்பாய் என்று தெரியும். இந்த வாரமே ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிட்டு எனக்குப் போன் செய். மற்றவர்கள் கமெண்டில் ‘அருமை டீச்சர்’ என்று போட வேண்டாம். எத்தனை நாள் பயிற்சி செய்தீர்கள் என்று எழுதுங்கள். நான் கணக்கு வைத்துக்கொள்வேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்