விளங்காத கை விளங்க வேண்டுமா?

வாரத்துக்கு 168 மணி நேரம். பாரிச வாயு வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டவருக்கு வாரம் மூன்று தடவை பிசியோதெரபி நடக்கிறது. தடவைக்கு ஒரு மணி என்றே வைத்துக்கொள்வோம். ஆக மூன்று மணி நேரம். மீதி 165 மணி நேரம் அவர் யார் பொறுப்பில் இருக்கிறார்? மனைவி, மகன், மருமகள் பொறுப்பில்!

கை கால் மறுபடி எவ்வளவு விளங்கும் என்பதற்கு முதல் காரணம், மூளையில் ஏற்பட்ட சேதம். அதை வீட்டார் மாற்ற முடியாது. அடுத்த காரணம் அந்த 165 மணி நேரம். அது முழுக்க முழுக்க அவர்கள் கையில் இருக்கிறது.

சாப்பாட்டு நேரம். தட்டு வருகிறது. வலது கை விழுந்தவர் மெதுவாக அந்தக் கையை நீட்டுகிறார். விரல் நடுங்குகிறது. சோறு சிந்துகிறது. "நீங்கள் சும்மா இருங்கள். நான் ஊட்டிவிடுகிறேன்" என்கிறாள் மனைவி. அவரும் கையை இழுத்துக்கொள்கிறார்.

இது அன்புதான். சந்தேகம் இல்லை. ஆனால் அந்தக் கைக்கு அன்றைக்குக் கிடைத்த ஒரே வேலை போய்விட்டதே!

செத்துப்போன மூளை அணுக்கள் திரும்பி வருவதில்லை. அவை பார்த்த வேலையைப் பக்கத்தில் உள்ள அணுக்கள் பழகிக்கொள்கின்றன. பள்ளிக்கூடப் பிள்ளை வாய்ப்பாடு படிப்பது போலத்தான். ஒரு தடவை சொன்னால் வராது. நூறு தடவை, ஆயிரம் தடவை சொல்ல வேண்டும். கைக்கு வேலை கொடுக்காவிட்டால் "இந்தக் கை உதவாது" என்று மூளை அதை மறந்தே போகும்.

அமெரிக்காவில் எட்வர்டு டாப் என்ற உளவியல் அறிஞர் இதை ஆராய்ந்தார். அவருடைய முறை வேடிக்கையானது. நல்ல கைக்கு உறை மாட்டிக் கட்டிப்போட்டார்கள்! விழுந்த கையைக் கொண்டுதான் எல்லா வேலையும் செய்ய வேண்டும். 222 நோயாளிகளைக் கொண்டு பெரிய பரிசோதனை நடந்தது. 2006-ம் ஆண்டு முடிவு வெளியாயிற்று. இரண்டு வாரம் இப்படிப் பழகியவர்களின் கை, மற்றவர்களுடைய கையைவிட நன்றாக வேலை செய்தது. இது எல்லோருக்கும் பொருந்தாது. மணிக்கட்டும் விரலும் கொஞ்சமாவது அசைய வேண்டும். டாக்டரைக் கேட்காமல் வீட்டில் யாரும் நல்ல கையைக் கட்டிப்போட வேண்டாம். ஆனால் உள்ளே இருக்கும் பாடம் எல்லா வீட்டுக்கும் உண்டு.

துண்டை மடிக்கச் சொல்லலாம். டம்ளரை நகர்த்தச் சொல்லலாம். பட்டாணியைப் பொறுக்கிக் கிண்ணத்தில் போடச் சொல்லலாம். சட்டை போட அரை மணி ஆகிறதா? ஆகட்டும். விழுந்த கையை முதலில் சட்டைக்குள் விட வேண்டும். கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும். இவ்வளவு தெரிந்தாலே பாதிச் சண்டை தீரும்.

உதவியே செய்யக்கூடாது என்பதில்லை. தவறான உதவிதான் ஆபத்து. விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்குவது பல வீடுகளில் நடக்கிறது. தோளில் சதை தளர்ந்து கிடக்கிறது. இழுத்தால் மூட்டு நழுவும். அப்புறம் வலி தாங்காமல், உள்ள பயிற்சியும் நின்றுவிடும். விழுந்த பக்கமாக நின்று, இடுப்பைப் பிடித்துத் தூக்க வேண்டும். உட்காரும்போது கை தொங்கக்கூடாது. தலையணை மீது வைக்க வேண்டும்.

ஒத்தடத்திலும் எச்சரிக்கை தேவை. அந்தப் பக்கம் சூடு தெரியாமல் போகலாம். அப்படியானால் தோல் வெந்து கொப்புளம் கிளம்பிய பிறகுதான் தெரியும். புறா ரத்தம் தேய்த்தால் கை வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பாவம், புறா! புறாவைத் தேடி அலைகிற நாளில் ரத்தக் கொதிப்பு மாத்திரை நின்றுபோனால் மறுபடி பாரிச வாயு வரலாம். அது முதல் தடவையைவிடக் கொடியதாக இருக்கலாம். தண்ணீர் குடிக்கும்போது இருமல் வந்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். படுத்தபடி எதையும் புகட்டக்கூடாது.

முதல் மூன்று மாதத்தில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதற்காக நான்காவது மாதம் கதவு மூடிவிடுவதில்லை. ஒரு வருஷம் கழித்தும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறுகிறவர்கள் உண்டு.

சிலர் பயிற்சி செய்ய மறுப்பார்கள். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார்கள். "சோம்பேறி, பிடிவாதக்காரர்" என்று வீட்டார் திட்டுகிறார்கள். பாரிச வாயு வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது. அதற்கும் மருந்து உண்டு. திட்டுவதற்கு முன் டாக்டரைக் கேட்பது நல்லது.

2021 ஆகஸ்டு 5-ந் தேதி தமிழக அரசு "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தைத் தொடங்கியது. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் திட்டம் அது. நடமாட முடியாதவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபியும் அதில் சேர்ந்திருக்கிறது. கூலி வேலையை விட்டு, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போக முடியாத குடும்பங்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் ஒருவர் எத்தனை வீடு ஏறி இறங்க முடியும்? அவர் வந்து நோயாளியின் காலை நீட்டி மடக்கிவிட்டுப் போனால் மட்டும் போதாது. வீட்டாருக்குக் கற்றுக்கொடுப்பதும் அவர் வேலை என்று அரசு எழுதி வைக்க வேண்டும். பெரிய எழுத்தில், படம் போட்ட தாள் ஒன்று ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒட்டப்பட வேண்டும்.

பிசியோதெரபி நிபுணர் வரும் நேரத்தில் வீட்டார் கடைக்குப் போய்விடக் கூடாது. கூடவே நின்று பார்க்கட்டும். அவர் எதிரிலேயே ஒரு தடவை செய்து காட்டட்டும். எத்தனை தடவை, எந்த அளவு வலி வந்தால் நிறுத்துவது என்று கேட்டு, பேரனுடைய பழைய நோட்டில் குறித்துக்கொள்ளட்டும். அடுத்த முறை அவர் வந்ததும் முதலில் அந்த நோட்டை நீட்டலாம்.