துடைக்கும் நேரத்துக்கு யார் கூலி தருவார்?

தில்லியின் குளிர்காலத்தில் இருசக்கர வண்டியைத் துடைப்பது அழகுக்காகச் செய்யும் வேலையன்று. டிசம்பர், ஜனவரி மாதங்களில் இரவெல்லாம் இறங்கும் மூடுபனியின் ஈரத்தோடு சாலைப் புழுதியும் புகைக்கரியும் கலந்து செயினில் பசையாய் ஒட்டுகின்றன. அப்பசை உப்புத்தாளைப் போல் செயினையும் பற்சக்கரத்தையும் ஒருசேரத் தேய்க்கிறது.

தடுக்கும் முறை எளியது. செயினைத் தூரிகையால் துலக்கி, உலரத் துடைத்து, எண்ணெயிட வேண்டும். அழுத்த நீரைப் பாய்ச்சினால் வேலை விரைவில் முடியும். ஆனால் பேரிங்கிலுள்ள கிரீஸ் வெளியேறி நீர் உட்புகும். கழுவிய வண்டியை ஈரத்தோடு நிறுத்தினால் துரு உறுதி.

இதனை ஏறத்தாழ 500 கி.மீ.க்கு ஒருமுறை செய்யச் சொல்வது வழக்கம். நாளுக்கு 20 கி.மீ. சென்றுவரும் அலுவலருக்கு இது மாதம் ஒருமுறை வரும் வேலை. நாளுக்கு 100 கி.மீ. ஓடும் உணவு விநியோகத் தொழிலாளிக்கோ ஐந்து நாளுக்கு ஒருமுறை.

வண்டி அவருடையதுதானே என்பர் சிலர். ஆம், வண்டி அவருடையது. ஆனால் அது தேய்வது நிறுவனத்தின் வணிகத்துக்காக. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு செயலிவழித் தொழிலாளரை வரையறுத்தது; வண்டிப் பராமரிப்புச் செலவை நிறுவனத்தின்மேல் சுமத்தவில்லை. 'கூட்டாளி' என்றழைக்கும் நிறுவனங்கள் செயின் எண்ணெய்க்கும், கூரையிட்ட நிறுத்துமிடத்துக்கும், துடைக்கும் நேரத்துக்கும் பணம் தரட்டும். அதுவரை அச்சொல் வெறும் ஏய்ப்பே.