கடல் கடக்கட்டும் கூடைப்பந்து

பந்தாடும் மகளிர் தமிழிலக்கியத்திற்குப் புதியவர் அல்லர். சங்கப் பாடல்களில் பந்தும் கழங்கும் ஓரையும் மகளிர்க்குரிய ஆடல்களாகப் பேசப்படுகின்றன. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் கந்துகவரி என்னும் பந்தாட்டப் பாடற்பகுதி இடம்பெற்றுள்ளது. கொங்குவேளிரின் பெருங்கதையிலோ 'பந்தடி கண்டது' என்ற பெயரில் ஒரு பகுதியே அமைந்திருக்கிறது. பந்தைத் தட்டி எழுப்பி, எண்ணிக்கை பிறழாமல் ஆடும் அத்திறத்தைப் படிக்கும்பொழுது, இன்றைய கூடைப்பந்தாட்டத்தின் முதற்பாடமாகிய பந்து தட்டிச் செல்லும் பயிற்சி நம் நினைவுக்கு வருகிறது.

தமிழ் மரபில் மற்றொரு செய்தியும் உண்டு. கடல்வழிச் செலவு மகளிரோடு நிகழ்வதில்லை என்னும் கருத்தமைந்த நூற்பா ஒன்று தொல்காப்பிய அகத்திணையியலில் உள்ளது. அது அக்கால வழக்கைக் கூறியதேயன்றி எக்காலத்திற்குமான தடையாணை அன்று. ஆயினும், பெண்ணின் கையில் பந்தைக் கொடுத்துவிட்டுக் கடலை மட்டும் மறைத்துவைக்கும் மனப்பான்மை நம்மிடையே இன்னும் நீங்கியபாடில்லை. கல்லூரி விளையாட்டு விழாவில் மாணவியர் ஆடும்போது கைதட்டுகிறோம். அடுத்த மாவட்டத்தில் ஆடச் செல்கிறோம் என்றால் தயங்குகிறோம். அயல்நாடு என்றாலோ பேச்சையே மாற்றிவிடுகிறோம்.

நம் மாவட்டக் கல்லூரிகளின் மாணவியர் கூடைப்பந்து அணி ஒன்று கடல் கடந்து சென்று காட்சி ஆட்டங்கள் ஆடித் திரும்ப வேண்டும் என்பதும், அவ்வாறு அனுப்புவோர் வழியனுப்புவதோடு நின்றுவிடாமல் இறுதிவரை உடன் நிற்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

காட்சி ஆட்டப் பயணம்

பதக்கத்திற்காக ஆடும் போட்டி வேறு. காட்சி ஆட்டப் பயணம் வேறு. பின்னதில் வெற்றி தோல்வி பட்டியலில் ஏறுவதில்லை. அயல்நாட்டுக் கழகங்களோடு சில ஆட்டங்கள் ஆடுவதும், அந்நாட்டுச் சிறுமியர்க்குப் பயிற்சி அளிப்பதும், வரலாற்றுச் சின்னங்களைக் கண்டு வருவதுமே அதன் நோக்கம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நெறிப்படுத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, ஓர் அணி நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை இத்தகைய அயல்நாட்டுப் பயணம் மேற்கொள்ள இடமளிக்கிறது. அதற்கு முன்னதாகப் பத்து நாள்கள் கூடுதலாகப் பயிற்சி பெறவும் இசைவு உண்டு. அங்கே இப்பயணம் ஆடம்பரமாகக் கருதப்படுவதில்லை; கல்வியின் ஒரு பகுதியாகவே கருதப்படுகிறது.

இதற்கு வழிகாட்டிய பழைய வரலாறு ஒன்றுண்டு. கனடா நாட்டின் எட்மண்டன் நகரில், வணிகவியல் பயிற்றிய உயர்நிலைப் பள்ளி ஒன்றின் மாணவியரைக் கொண்டு பெர்சி பேஜ் என்னும் ஆசிரியர் கூடைப்பந்து அணி ஒன்றை உருவாக்கினார். பள்ளிப் படிப்பு முடிந்த பின்னும் பிரிய மனமில்லாத அம்மாணவியர் 1915ஆம் ஆண்டில் 'கிராட்ஸ்' என்ற அணியாக இணைந்தனர். 1924, 1928, 1936 ஆகிய ஆண்டுகளில் அவர்கள் ஐரோப்பாவிற்குச் சென்று காட்சி ஆட்டங்கள் ஆடி வென்றனர். மகளிர் கூடைப்பந்து ஒலிம்பிக்கில் இடம்பெற்றதோ 1976ஆம் ஆண்டு மாண்ட்ரியல் நகரில்தான். உலகம் கதவைத் திறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, ஓர் ஆசிரியரும் அவருடைய மாணவியரும் அக்கதவைத் தட்டிவிட்டனர். அரசோ பெருஞ்செல்வமோ அவ்வணியைத் தோற்றுவிக்கவில்லை. ஒரு பள்ளிக்கூடம் தோற்றுவித்தது. கல்லூரி நடத்துவோர் இதனைக் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

புதுக்கோட்டைப் பெண்கள்

இவையெல்லாம் மேலைநாட்டுக் கதைகள், நமக்குப் பொருந்தா என்பாருக்கு நம் மண்ணின் வரலாற்றையே விடையாகக் கூறலாம்.

1904ஆம் ஆண்டு புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் ஒரு பெண் சேர முன்வந்தபோது எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இசைவளித்தார். அவ்வாறு சேர்ந்த முதல் மாணவியே பின்னாளில் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று மருத்துவரான முத்துலட்சுமி ரெட்டி. 1925ஆம் ஆண்டு அவர் மேற்பயிற்சிக்காக இலண்டனுக்குக் கடல் கடந்தார். நூற்றாண்டுக்கு முன்பே இவ்வூர்ப் பெண்ணுக்குக் கடல் தடையாக இருக்கவில்லை. அன்று ஒரு கல்லூரியின் வாயில் திறந்ததனால்தான் பின்னர்க் கடலும் வழிவிட்டது.

1991ஆம் ஆண்டுக்குப் பின் இம்மாவட்டத்தில் நிகழ்ந்ததைப் பெரியோர் பலர் கண்ணாரக் கண்டிருப்பர். ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்த காலத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டியையும் கிராமத்துப் பெண்களுக்குக் கற்பித்தது. பல்லாயிரவர் கற்றனர், இசுலாமியப் பெண்களும் அவருள் இருந்தனர். தொடக்கத்தில் ஏளனச் சொற்கள் எழாமல் இல்லை. இன்றோ மிதிவண்டியில் செல்லும் பெண்ணை எவரும் திரும்பிப் பார்ப்பதுமில்லை. நேற்றைய புதுமை இன்றைய வழக்கமாவதற்கு ஒரு தலைமுறைகூட வேண்டியதில்லை என்பதற்கு நம் மாவட்டமே சான்று.

தோகாவில் நேர்ந்தது

மூன்றாவது சான்று வேதனை தருவது. அதனை மறைப்பதில் பயனில்லை.

கத்தக்குறிச்சி என்னும் சிற்றூரில் செங்கற்சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர் சாந்தி சௌந்தரராஜன். வறுமையையும் சாதி இழிவையும் கடந்து ஓடிய கால்கள் அவருடையவை. 2005ஆம் ஆண்டு தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில் நடைபெற்ற ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். 2006 டிசம்பரில் கத்தார் நாட்டின் தோகா நகரில் நடந்த ஆசிய விளையாட்டிலும் அதே ஓட்டத்தில் வெள்ளி வென்றார். சில நாள்களுள் பாலினச் சோதனை ஒன்றைக் காரணம் காட்டி அப்பதக்கம் பறிக்கப்பட்டது. ஒரு பெண்ணின் உடல்பற்றிய செய்தி ஊடகங்களின் பேசுபொருளாயிற்று. வெற்றி பெற்றபோது வாழ்த்தியோர் பலர். வீழ்த்தப்பட்டபோது தோள்கொடுத்தோர் மிகச் சிலர். மனமுடைந்த அவர் 2007ஆம் ஆண்டில் உயிரையே மாய்த்துக்கொள்ள முயன்றார். தமிழ்நாடு அரசு 15 இலட்சம் ரூபாய் வழங்கியது. இருந்தும் 2012ஆம் ஆண்டில் அவர் செங்கற்சூளையில் கூலி வேலை செய்துகொண்டிருந்த செய்தி நாட்டையே தலைகுனிய வைத்தது. பின்னர் அவர் பயிற்சியாளர் படிப்பை முடித்து, 2016ஆம் ஆண்டில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளராக அமர்த்தப்பட்டார். வீழ்ந்த இடத்திலிருந்து எழுந்தது அவருடைய மனவுறுதி.

இதனை ஒடிசாவைச் சேர்ந்த ஓட்ட வீராங்கனை துத்தி சந்தின் வரலாற்றோடு ஒப்பிட்டு நோக்குக. 2014ஆம் ஆண்டு அவரும் உடற்கூற்று விதி ஒன்றால் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டார். இம்முறை இந்திய விளையாட்டு ஆணையம் அவருக்குத் துணை நின்றது. வழக்கு சுவிட்சர்லாந்தில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றத்திற்குச் சென்றது. 2015ஆம் ஆண்டு அம்மன்றம் அவ்விதியையே நிறுத்திவைத்தது. 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் அவர் ஓடினார். விதிகள் பின்னரும் மாறின, விவாதம் ஓயவில்லை. ஆனால் ஒன்று தெளிவு. இடையூறு ஏறத்தாழ ஒன்றுதான். ஒருவர் தனித்து விடப்பட்டார். மற்றவருக்குப் பின்னால் ஒரு நிறுவனம் நின்றது. முடிவுகள் வேறுபட்டமைக்கு இதுவே முதன்மையான காரணம் எனலாம்.

ஆகவே தோகாவில் நேர்ந்ததைக் காட்டிப் பெண்களை அனுப்பாதீர் என்று கூறுவது பிழையான பாடம். அனுப்பினால் உடன் நில்லுங்கள் என்பதே சரியான பாடம். அம்மொழி அறிந்த துணையாளர், மருத்துவ விவரங்களை மறைபொருளாகக் காக்கும் ஒழுங்கு, எந்தத் தாளிலும் கையொப்பமிடுமுன் விளக்கம் கேட்கும் உரிமை, தோற்றாலும் ஊரில் காத்திருக்கும் வரவேற்பு ஆகியவை பயணச்சீட்டைக் காட்டிலும் இன்றியமையாதவை.

உடையும் ஒழுக்கமும்

நம் சமுதாயப் பெற்றோர் எழுப்பும் முதல் வினா உடை பற்றியது. அது நியாயமான வினா, எள்ளி நகைப்பதற்குரியதன்று. 2014ஆம் ஆண்டு இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் கத்தார் மகளிர் கூடைப்பந்து அணியினரிடம் தலைத்துணியை அகற்றிவிட்டு ஆடுமாறு கூறப்பட்டது. அவர்கள் அகற்ற மறுத்து மங்கோலியாவுக்கு எதிரான ஆட்டத்தை விட்டுக்கொடுத்துப் போட்டியிலிருந்தே விலகினர். பன்னாட்டுக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு அதுவரை பாதுகாப்பைக் காரணம் காட்டித் தலைத்துணியை விலக்கி வைத்திருந்தது. உலகெங்கும் எழுந்த குரல்களுக்குப் பின், 2017 மே மாதம் விதி திருத்தப்பட்டு, அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் தலைத்துணி ஏற்கப்பட்டது. கறுப்பு, வெள்ளை அல்லது சீருடையின் முதன்மை நிறம் ஆகியவற்றுள் ஒன்றாக இருத்தல் வேண்டும். அணியினர் அணியும் துணிகள் ஒரே நிறத்தனவாதல் வேண்டும். முகத்தை மறைத்தல் கூடாது. தொங்கும் முனைகள் இருத்தல் ஆகாது. இவையே நிபந்தனைகள். ஆகவே முக்காடா ஆட்டமா என்ற வினா பன்னாட்டு அரங்கில் இன்று முடிந்துபோன வினா. விதி மாறிய செய்தி நம் வீடுகளுக்கு வந்து சேராமையே குறை.

மகளிர் கூடைப்பந்தின் தொடக்கமும் நாணத்தை மதித்தே அமைந்தது. 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இவ்வாட்டத்தை உருவாக்கிய மறு ஆண்டிலேயே செண்டா பெரன்சன் என்னும் ஆசிரியை அதனை மகளிர் கல்லூரிக்கு ஏற்றவாறு திருத்திக் கற்பித்தார். 1896 ஏப்ரல் 4ஆம் நாள் ஸ்டான்ஃபோர்டு, பெர்க்லி மாணவியர் ஆடிய முதற் பல்கலைக்கழக ஆட்டத்தைக் காண ஆடவர் அனுமதிக்கப்படவில்லை. இரண்டுக்கு ஒன்று என ஸ்டான்ஃபோர்டு வென்றது. நாணமும் ஆட்டமும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை அன்றே அவர்கள் காட்டினர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தின்போது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தி நபிமொழித் தொகுப்பில் இருப்பதைப் பெரியோர் அறிவர். பயணமும் ஓட்டமும் ஒருங்கே அமைந்த அந்நிகழ்ச்சி நாம் எண்ணிப் பார்க்கத் தக்கது.

செய்யத்தக்கவை

கூடைப்பந்து பெருஞ்செலவு வேண்டாத ஆட்டம். 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்ட சமதளம், 3.05 மீட்டர் உயரத்தில் இரண்டு வளையங்கள், சில பந்துகள், இவை போதும். இடத்தைக் காட்டிலும் அரிதாக இருப்பது நேரம். கல்லூரி மணி அடித்தவுடன் பேருந்துக்கு விரையும் மாணவிக்குப் பயிற்சி நேரம் எங்கிருந்து வரும்? பாடவேளைக்குள்ளேயே வாரம் மூன்று மணி நேரம் ஒதுக்குவதும், பயிற்சி முடிந்தபின் கல்லூரிப் பேருந்திலேயே வீடு சேர்ப்பதும் நிருவாகத்தின் முதற்கடமை. பெண் பயிற்சியாளர் ஒருவரை அமர்த்துதல் அடுத்தது.

சென்னையில் பிறந்து 19 வயதில் இந்திய அணித் தலைவியாகிய அனிதா பால்துரை, திருமணமும் மகப்பேறும் கடந்து 2017ஆம் ஆண்டு வரை ஆடியவர். 2021ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றவர். பெண் திருமணத்தோடு ஆட்டத்தை விட்டுவிடுவாள் என்போர்க்கு அவருடைய வாழ்வே விடை.

படிப்படியாகச் செல்வது நன்று. முதலில் பாரதிதாசன் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கிடையிலான போட்டி, பின்னர் அண்டை மாவட்டங்கள், அதன்பின் கடல். திருச்சிராப்பள்ளி விமான நிலையம் நமக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறது. அங்கிருந்து கொழும்பும் சிங்கப்பூரும் கோலாலம்பூரும் எட்டும் தூரமே. கோட்டைப்பட்டினம் முதலிய கடற்கரை ஊர்களிலிருந்து நம் முன்னோர் பல தலைமுறைகளாக அந்நாடுகளுக்குச் சென்று தொழில் செய்தவர்கள். தங்குவதற்கு வீடும், மகளே என்று அழைப்பதற்கு உறவும் அங்கே நமக்கு உண்டு. நம் பிள்ளைகளுக்குப் பள்ளிவாசலும் பள்ளிக்கூடமும் கட்டக் கொடை தந்த அக்கரைச் சீமைச் செல்வர்கள், பன்னிரண்டு மாணவியர் கொண்ட ஓர் அணியை ஒரு வாரம் வரவேற்க மாட்டார்களா?

அத்தகைய பயணத்தில் நம் அணி எல்லா ஆட்டங்களிலும் தோற்கவும் கூடும். அதனால் குறைவொன்றுமில்லை. கடவுச்சீட்டில் தம் பெயரைக் கண்ட பெண்கள், அயல்மொழியில் நடுவரிடம் காரணம் கேட்ட பெண்கள், தோல்விக்குப்பின் எதிரணியோடு கைகுலுக்கிய பெண்கள் ஊர் திரும்புவர். அவர்கள் நாளை ஆசிரியைகளாகவும் தாய்மார்களாகவும் விளங்கும்போது, தம் மகளை வெளியூருக்கு அனுப்பத் தயங்கும் வீடு ஒன்று குறையும்.

மிதிவண்டியைக் கற்றுக்கொடுத்த மாவட்டம் இது. முதல் மாணவிக்குக் கல்லூரி வாயிலைத் திறந்த ஊர் இது. ஓடி வென்ற மகளைத் தனியே விட்டு வருந்திய மண்ணும் இதுவே. அடுத்து ஒரு பெண் நம்மிடமிருந்து கடல் கடக்கும்போது, கரையில் நின்று கையசைப்போரைவிடக் கூடச் செல்வோர் மிகுதியாக இருத்தல் வேண்டும். நிருவாகிகளும் ஆசிரியரும் பெற்றோரும் ஒருமுறை கூடியமர்ந்து இதுபற்றிப் பேசத் தொடங்குவார்களாக.