பால் குளிரூட்டும் யந்திரமும் பொய்ச் சிக்கனமும்

கறந்த பால் கெடாதிருக்க வேண்டுமாயின் அதனை விரைவில் 4 டிகிரி சென்டிகிரேடுக்குக் குளிர்விப்பது அவசியம். கிராமப் பால் சங்கங்களில் இக்காரியம் குளிரூட்டும் யந்திரத்தின் கம்ப்ரெஸரைப் பொறுத்தது. பால் லாரி சென்றதும், மின்சாரச் செலவைக் கருதி மெயின் சுவிட்சையே நிறுத்திவிடும் வழக்கம் சிலவிடங்களில் உண்டு. இது பொய்ச் சிக்கனமேயாகும்.

கம்ப்ரெஸரின் அடியில் தங்கும் எண்ணெயை ஒரு சிறு மின்சார ஹீட்டர் வெதுவெதுப்பாக வைத்திருக்கிறது. மெயின் சுவிட்சை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். குளிர்வாயு எண்ணெயிற் கரைந்து தங்கும். மறுபடி ஓட்டியவுடன் அழுத்தம் குறைவதால் அவ்வாயு பொங்கி, எண்ணெயை நுரையாக்கும். நுரை பேரிங்குகளைக் காவாது. அவை தேய்ந்து இறுகிப்போம். ஹீட்டருக்குச் செல்லும் மின்சாரமோ சிறு யந்திரங்களில் பெரும்பாலும் 100 வாட்டுக்கு உட்பட்டதே.

எண்ணெய்ப் பம்புள்ள யந்திரங்களில், எண்ணெயின் அழுத்தம் குறைந்து சுமார் 2 நிமிஷம் நீடித்தால், காப்பு சுவிட்ச் யந்திரத்தைத் தானே நிறுத்தும். காரணமறியாது அதனைத் திரும்பத் திரும்ப அழுத்தி ஓட்டுவதும், ஒயர் கட்டி விலக்குவதும், வேலியைப் பிடுங்கிவிட்டுப் பயிரைக் காப்பதை ஒக்கும்.

ஆகையால் சங்க நிர்வாகிகள் ஹீட்டருக்குத் தனி லைன் அமைத்து, அதனை ஜெனரேட்டருடனும் இணைத்தல் நலம். நெடுநேர மின்தடைக்குப் பின், கைப்புத்தகத்திற் கண்ட நேரம்வரை ஹீட்டர் எரிந்த பிறகே ஓட்டவேண்டும். எண்ணெய் மட்டத்தைத் தினமும் கண்ணாடியிற் பார்த்துக் குறித்துவைப்பது அவசியம். அடிக்கடி குறைந்தால், மேலும் வார்ப்பதற்குமுன் அது சென்ற இடத்தை ஆராய்தல் வேண்டும். யந்திரம் நின்ற நாளில் வீணாவது, ஓரிரு மாடுகளை நம்பிப் பிழைக்கும் ஏழைக் குடியானவரின் பாலன்றோ?